வாகைக்குளம் முதல் மீனம்பாக்கம் வரை

ஜூன் 11, செவ்வாய்

கோமுவின் எடை 44.2 கிலோ. தண்ணீர், மோர், காப்பி எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர்.

இந்த இரண்டையும் தினமும் குறித்துக்கொண்டு வரும்படி மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக வாங்கிய டைரி. எடைக்கும் தண்ணீருக்கும் இரண்டு வரி போதும். முப்பத்து மூன்று வருடம் கோவில்பட்டியில் நிருபராக இருந்தவனுக்கு மீதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தால் கண்ணை உறுத்தும். அதனால் எழுதுகிறேன்.

கோமதி என் ஒரே மகள். வயது இருபத்தேழு. பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுடைய இதயம் வீங்கித் தளர்ந்துவிட்டது, மருந்தில் தேறாது, வேறு இதயம் பொருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாநிலப் பட்டியலில் பெயர் ஏறியிருக்கிறது. அழைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு வந்து, மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே கீழ்த்தளத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறோம். அவள் அம்மா இருந்திருந்தால் சமையலாவது உருப்படியாக இருந்திருக்கும். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது.

சாயங்காலம் சுடலைமுத்துவிடம் பேசினேன். நான் ஓய்வு பெற்ற பிறகு கோவில்பட்டிக்கு அவன்தான் நிருபர்.

ஜூன் 12, புதன்

எடை 44.2. தண்ணீர் 950. உப்பில்லாத ரசம். இருவருமே பாதிதான் சாப்பிட்டோம்.

ஜூன் 15, சனி

எடை 44.4. தண்ணீர் ஒரு லிட்டர்.

மாற்று அறுவை சிகிச்சைக்கான ஒருங்கிணைப்பாளர் ரெபேக்கா மேடத்தைப் பார்த்தேன். நிதானமாகப் பேசுகிறவர். எத்தனை கிலோமீட்டருக்குள் இருந்தால் இதயம் கொண்டுவருவார்கள் என்று கேட்டேன்.

"மேப்ல கிலோமீட்டர் பாக்காதீங்க சார். நேரத்தைப் பாருங்க. அங்க நிறுத்தினதுல இருந்து இங்க திரும்பத் துடிக்கிற வரைக்கும் நாலு மணி நேரம். அதுக்குள்ள எங்க இருந்து வந்தாலும் சரி."

விபத்தில் இறந்த எல்லோருடைய இதயமும் ஆகாது. மூளை இறந்து, சுவாசக் கருவியில் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். ரத்தப் பிரிவு பொருந்த வேண்டும். கோமுவுக்கு பி பாசிட்டிவ். உடல்வாகும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும்.

மதியம் உட்கார்ந்து விசாரித்ததில், சென்னைக்குக் காற்று வழியில் திருச்சி 294 கிலோமீட்டர். கோவை 404. மதுரை 417. தூத்துக்குடி விமான நிலையம், அதாவது வாகைக்குளம், 528. டிக்கெட்டில் போடுகிற பயண நேரம் வேறு, வானத்தில் இருக்கும் நேரம் வேறு என்பது எனக்கு இதுவரை தெரியாது. கதவு மூடியதிலிருந்து கதவு திறக்கும் வரை டிக்கெட் நேரம். தூத்துக்குடிக்கு அது ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்.

கோமு காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "இது எட்டாங் கிளாஸ் கணக்குல்லா? திருநெல்வேலில மதியம் ஒன்னே முக்காலுக்கு ஒரு இதயம் நின்னா, முப்பத்தஞ்சு நிமிஷத்துல ஏர்போர்ட். இருபது நிமிஷம் காத்திருக்கணும். ரெண்டு நாப்பதுக்குக் கிளம்பி நாலேகாலுக்கு மீனம்பாக்கம். இருபது நிமிஷத்துல ஆசுபத்திரி. தைக்க ஒரு மணி நேரம்." விரல் விட்டு எண்ணினாள். "பத்து நிமிஷம் மிச்சம்பா. நம்ம ஊர்ப்பக்கமிருந்தே வரலாம்."

"அவ்வளவு தூரத்துல இருந்து வேண்டாம்" என்றேன்.

"என்னப்பா, தக்காளியா வாங்குதோம்? பக்கத்துக் கடைல பாப்போம்ங்கதுக்கு?"

ஜூன் 20, வியாழன்

எடை 44.9. கால் லேசாக வீங்கியிருக்கிறது. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள்.

ஊர்ப்புற நிருபருக்குச் சாயங்காலம் ஏழு மணி ஒரு பூசை வேளை. ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும், பிறகு அரசு மருத்துவமனைக்கும் போன் செய்ய வேண்டும். சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டு, வைக்கும் முன்னால், "வேற ஏதும் உண்டா?" என்று கேட்க வேண்டும். நல்ல செய்தி பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வரும். இரண்டு மணி நேரம் சும்மா பேசிய ஏட்டு, அப்போதுதான் கொலையைச் சொல்வார்.

ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஏழு மணிக்குச் சுடலையைக் கூப்பிடுகிறேன். இன்று எட்டயபுரம் சாலையில் லோடு ஆட்டோ கவிழ்ந்திருக்கிறது. தலையில் அடி. திருநெல்வேலிக்கு அனுப்பியிருக்கிறார்கள். வயது 58.

வயது அதிகம்.

ஜூன் 24, திங்கள்

எடை 44.6. துணி துவைத்து மாடியில் காயப்போட்டேன். அங்கிருந்து விமானங்கள் இறங்குவது நன்றாகத் தெரிகிறது.

ஜூன் 29, சனி

எடை 45.0. தண்ணீர் 900.

இரவுச் சாப்பாட்டுக்குக் குக்கர் வைத்துவிட்டுச் சுடலையிடம் பேசிக்கொண்டிருந்தேன். கோமு தூங்குகிறாள் என்று நினைத்தேன். வைத்ததும் கேட்டாள்.

"யாருப்பா போன்ல?"

"சுடலை."

"என்ன சேதியாம்?"

"சாத்தூர் பக்கம் ஒரு பைக் விபத்து. சும்மா பேசிக்கிட்டிருந்தோம்."

"பிளட் குரூப் என்னன்னு கேட்டீங்களே. இப்பல்லாம் பேப்பர்ல அதையும் போடுதாங்களா?"

குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கோயில் கொடைக்கு முன்னாடி வெட்டுறதுக்குக் கெடா பாக்கப் போவாங்களே, அப்படில்லா இருக்கு நீங்க விசாரிக்கது. பல்லப் பிடிச்சுப் பாத்தீங்களா?"

நானும் சிரித்தேன். சிரிப்பு அவளுக்கு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. பிறகு, "வேண்டாம்ப்பா. வாரது வரட்டும்" என்றாள். சரி என்றேன்.

ஜூலை 3, புதன்

எடை 45.1. அறைக்குள் சிக்னல் சரியில்லை. தெருமுனை டீக்கடையில் நின்று பேசினால் தெளிவாகக் கேட்கிறது. மதுரையிலும் திருச்சியிலும் கரூரிலும் என்னோடு வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பல வருடமாகப் பேசாமல் இருந்தது தவறு. பழைய தொடர்புகளைப் புதுப்பித்துக்கொள்வது நல்லதுதான்.

கரூரில் லாரி மோதி 31 வயது ஆள். சம்பவ இடத்திலேயே. சம்பவ இடத்திலேயே என்றால் ஒன்றுமில்லை.

ஜூலை 9, செவ்வாய்

எடை 45.3.

மருத்துவமனையில் காத்திருந்தபோது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் ஓடினார்கள். திருச்சியிலிருந்து வந்த இதயமாம். மீன்காரர்கள் டி.வி.எஸ். வண்டியில் வைத்திருப்பார்களே, அதே மாதிரி ஐஸ் பெட்டி. நான் வேறு ஏதோ நினைத்திருந்தேன். எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் கணவருக்குத்தான் அது. ஏபி பிரிவு. எங்களுக்கு எப்படியும் ஆகியிருக்காது.

அந்த அம்மாளிடம் போய் மகிழ்ச்சி என்று சொன்னேன்.

ஜூலை 17, புதன்

காலையில் எடை 46.8. ஒரே இரவில் ஒன்றரைக் கிலோ. அத்தனையும் நீர். படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள், என்னை எழுப்பவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தாயிற்று. அவசரப் பட்டியலில் அவள் பெயர் இப்போது முதலில் இருக்கிறது என்று ரெபேக்கா மேடம் சொன்னார். அவர் அதை நல்ல செய்தி போலச் சொல்லவில்லை.

ஜூலை 18, வியாழன்

எடையை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 22, திங்கள்

கோமுவைக் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் பார்க்க விடுகிறார்கள். உதடு நீலமாக இருக்கிறது. "எப்படிம்மா இருக்கு?" என்றால் "ஓடுது" என்கிறாள்.

சுடலை சில நாட்களாக "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றே சொல்லிவருகிறான். ஓர் ஊரில் தொடர்ந்து ஒரு வாரம் ஒன்றும் நடக்காமல் இருக்காது. இன்று ஏழு மணிக்கு, வைக்கும் முன்னால், "வேற ஏதும் உண்டா?" என்று கேட்டேன். நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சுடலை."

"அண்ணாச்சி, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

முந்தாநாள் கயத்தாறு நாற்கரச் சாலையில் ஒரு பைக், தடுப்பில் மோதியிருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பையன், ஒல்லியானவன். தலைக்கவசம் இல்லை. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் சுவாசக் கருவியில் இருக்கிறான். இனிப் பிழைக்க மாட்டான் என்று சொல்லிவிட்டார்களாம். அப்பா கிடையாது. அம்மாவும் தாய்மாமனும் கூட இருக்கிறார்கள். ரத்தம் கேட்டு அவன் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியில் பி பாசிட்டிவ் என்று இருக்கிறது.

"நாளைக்குக் காலைல போட்டோ வாங்கப் போவேல்ல?" என்று கேட்டேன்.

விபத்துச் செய்திக்கு இறந்தவரின் படம் வேண்டும். வீட்டாரிடம் போய் அதைக் கேட்டு வாங்குவது நிருபர் வேலையிலேயே கஷ்டமானது. நான் வெறுங்கையோடு திரும்பியதில்லை என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு பேர் உண்டு. முதலில் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். பிறகு பிள்ளை என்ன படித்தான் என்று கேட்க வேண்டும். படம் தானாக வரும்.

"போகணும் அண்ணாச்சி."

"மாமன்கிட்ட பக்குவமாப் பேசு. மெட்ராஸ்ல ஒரு டீச்சர் காத்திருக்கா, நம்ம பக்கத்துப் பிள்ளைதான்னு சொல்லு. பெருசா ஒண்ணும் வேண்டாம். ஒரு வார்த்தை."

"அது ஆசுபத்திரிக்காரங்க கேப்பாங்களே அண்ணாச்சி?"

"கேப்பாங்க. அவங்களுக்கு நம்மள மாதிரி கேக்கத் தெரியாது."

ஜூலை 23, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை ஏழரைக்கு ரெபேக்கா மேடம் கூப்பிட்டார். "சார், ஒரு இதயம் கிடைச்சிருக்கு. நம்ம டாக்டர்ஸ் கிளம்பிட்டாங்க. எந்த ஊர், யார்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டோம். மதியம் ஃப்ளைட்ல வரும்."

நான் கேட்கவில்லை. 528 கிலோமீட்டர். இரண்டு நாற்பதுக்குப் புறப்பாடு. நாலேகாலுக்கு இங்கே.

சுடலை போவதற்குள் அவனை நிறுத்த வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வீட்டார் சம்மதித்திருக்கிறார்கள், அவன் நேற்றே பேசியிருப்பான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஒன்பது மணிக்குக் கோமுவைத் தயார் செய்தார்கள். மருந்துத் தண்ணீரில் துடைத்து, பச்சைத் துணி உடுத்தி, முடியை உச்சியில் கட்டியிருந்தார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தாள். என்னை உள்ளே விட்டார்கள்.

"எங்கருந்துப்பா வருது?"

"சொல்ல மாட்டாங்களாம்."

"நாலு மணிக்கு மேலயாம். அப்போ நம்ம கணக்குத்தான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அவங்க அம்மா இருக்காங்களாமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

பதினொன்று நாற்பதுக்கு ரெபேக்கா மேடம் வெளியே வந்தார். நடையிலேயே தெரிந்தது. முப்பத்து மூன்று வருடம் கெட்ட செய்தி சொல்ல வருகிறவர்களின் நடையைப் பார்த்திருக்கிறேன்.

"வீட்டுக்காரங்க சம்மதத்தைத் திரும்ப வாங்கிட்டாங்க சார். காலைல பத்திரிகைக்காரர் ஒருத்தர் வந்திருக்கார். சென்னைல ஒரு டீச்சர் இருக்காங்க, நம்ம பக்கத்துப் பொண்ணுன்னு பேசியிருக்கார். தாய்மாமனுக்குக் கோபம் வந்துடுச்சு. யாருக்குக் குடுக்கணும்னு முதல்லயே பேசி வச்சுக்கிட்டுத்தான் எங்க புள்ள செத்துட்டான்னு சொல்றீங்களான்னு கேட்டிருக்கார். அதுக்கு மேல யார் சொல்லியும் கேக்கல. ஆம்புலன்ஸ் வச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்து அந்த அம்மா அழுதுகிட்டே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களாம் சார்."

"எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம் ஆறரை. ஏன் சார்?"

"ஒண்ணுமில்ல மேடம்."

நான் சுடலையோடு பேசியது ஏழு மணிக்கு. மேலே எழுதியிருக்கிறேன். வந்த பத்திரிகைக்காரர் யார் என்று ரெபேக்கா மேடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு மணிக்குச் சுடலை கூப்பிட்டான். "போட்டோ கிடைச்சிட்டு அண்ணாச்சி. அவங்க அம்மா பர்ஸ்ல இருந்து எடுத்துத் தந்தாவ. பாலிடெக்னிக் முடிச்ச பையன். அது வரைக்கும் நல்லாத்தான் பேசுனாவ. பாப்பா விஷயத்த எடுத்ததும் மாமன்காரரு சட்டையப் பிடிச்சிட்டாரு. நான் சரியாக் கேக்கலையோ என்னவோ."

"நீ சரியாத்தான் கேட்டிருப்ப."

"எப்படியும் அவரு குடுத்திருக்க மாட்டாரு அண்ணாச்சி. அப்படிப்பட்ட ஆளு."

நேற்றே சம்மதித்திருந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. "ஆமா" என்றேன். வேறு ஏதும் உண்டா என்று கேட்காமலே வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்குக் கோமுவைப் பார்த்தேன். பச்சைத் துணியை மாற்றிவிட்டிருந்தார்கள். முடியை மட்டும் அவிழ்க்கவில்லை.

"மனசு மாறிட்டாங்களாமே."

"ஆமாம்மா."

"பாவம். அவங்க அம்மா இப்போ வீட்ல அவன் பக்கத்துல உக்காந்திருப்பாங்க." அப்புறம் கேட்டாள்: "சுடலை அண்ணன் போன் பண்ணாங்களா?"

"இல்ல."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

நேற்றுக் காயப்போட்ட துணி மாடியில் கிடந்தது. எடுக்கப் போனேன். நாலு பத்துக்கு மேல் தெற்கேயிருந்து விசிறி வைத்த சிறு விமானம் ஒன்று தாழ்ந்து வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பதின்மூன்று. இரண்டு நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது.

ஜூலை 24, புதன்

ஒன்றுமில்லை.

ஜூலை 30, செவ்வாய்

சுடலை தினமும் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறான். எடுப்பதில்லை. டீக்கடைக்காரர், "என்ன சார், இப்பல்லாம் போனே காணோம்?" என்றார். சிக்னல் இல்லை என்றேன்.

கோமுவின் சிறுநீரகமும் சரியாக வேலை செய்யவில்லை. இப்படியே இருந்தால் இதயம் வந்தாலும் வைக்க முடியாது, பட்டியலிலிருந்து தற்காலிகமாக எடுத்துவைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். தற்காலிகமாக என்ற சொல்லை இரண்டு முறை சொன்னார்.

ஆகஸ்ட் 3, சனி

பேசினால் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் இன்று அவளாகவே பேசினாள்.

"அப்பா, அன்னைக்கு அந்த விமானம் சரியான நேரத்துக்கு வந்துச்சா?"

எந்த விமானம் என்று கேட்டிருக்கலாம். "வந்துச்சு. ரெண்டு நிமிஷம் முன்னாடி" என்றேன்.

"அப்போ பன்னெண்டு நிமிஷம் மிச்சம்" என்றாள். மூச்சை இழுத்து விட்டாள். "கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு."

என் கையை எடுத்துத் தன் கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது. பத்து நிமிடம் முடிந்ததும் நர்ஸ் வந்தார். இன்று கூடுதலாகக் கொஞ்ச நேரம் விட்டார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கோமு காலையில் இறந்துவிட்டாள். பத்து மணி இருக்கும். சரியான நேரம் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

நேற்று நாலு மணிக்குத்தான் ஆம்புலன்ஸில் கிளம்பினோம். கோவில்பட்டிக்குச் சாலை வழியாகப் பத்து மணி நேரம். மீனம்பாக்கத்தைக் கடக்கும்போது ஓடுபாதைச் சுவரை ஒட்டி நெரிசலில் நின்றது வண்டி. தலைக்கு மேலே விசிறி விமானம் ஒன்று இறங்கியது. எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. டிரைவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தூத்துக்குடி வண்டி சார். கரெக்ட் டைம்" என்றார்.

விழுப்புரம் தாண்டியதும் போன் வந்தது. மணி ஏழு. எடுத்தேன்.

சுடலை கொஞ்ச நேரம் அழுதான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். "நாளைக்குப் பேப்பர்ல போடணும் அண்ணாச்சி. வயசு இருபத்தேழுதான?"

"இருபத்தேழு."

"எத்தன மணிக்குத் தகனம்?"

"காலைல பதினொண்ணு."

"ஒரு போட்டோ வேணும் அண்ணாச்சி."

அனுப்புகிறேன் என்றேன். போனில் தேடினேன். இரண்டு மாதமாக எடுத்தவை எல்லாம் எடைக் கருவியின் எண்கள். 44.2. 44.9. 46.8. கடைசியில் அவளுடைய கைப்பையைத் திறந்து பள்ளிக்கூட அடையாள அட்டையை எடுத்தேன். டிரைவர் உள்விளக்கைப் போட்டுக் கொடுத்தார். அதைப் படம் பிடித்து அனுப்பினேன்.

"வந்துட்டு அண்ணாச்சி. தெளிவா இருக்கு." எழுதும் சத்தம் கேட்டது. பெயரையும் பள்ளியின் பெயரையும் ஒரு முறை படித்துக் காட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு, பழக்கத்தில்தான் இருக்கும், கேட்டான்.

"வேற ஏதும் உண்டா அண்ணாச்சி?"

அந்தப் பையனின் அம்மா ஆறரை மணிக்கே கையெழுத்துப் போட்டிருந்தாள். அதைத் தெரிந்தவன் எங்கள் இருவரில் நான் மட்டும்தான். வண்டி ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. ஸ்ட்ரெச்சர் நகராமல் கையால் பிடித்துக்கொண்டேன்.

"வேற ஒண்ணுமில்ல" என்றேன்.